பூனையும் நாயும் மழையாகப் பெய்வது இருக்கட்டும்

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், முதல் வாரத்தில் பலரும் தேடிப் பார்ப்பது ஆங்கிலம் கற்றுத் தரும் தளங்களைத்தான். பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தானே பல வீடுகளில் கம்ப்யூட்டரே வாங்குகிறார்கள்! அப்படித் தேடும்போது வந்து விழுபவற்றில் ‘நூறு ஆங்கில இடியம்கள்’, ‘தினம் ஒரு இடியம்’ என்ற வகைப் பட்டியல்கள் கட்டாயம் இருக்கும். இடியம் என்றால் மரபுத்தொடர். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பொருளைக் கூட்டிப் பார்த்தால் விடை வராது. மொத்தமாகச் சேர்ந்து வேறொரு பொருளைத் தரும். ‘காதில் பூ சுற்றுகிறான்’ என்கிறோம். அங்கே காதும் இல்லை, பூவும் இல்லை, ஏமாற்றுவது மட்டும்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியல்களில் ஏராளமானவை ஸ்பானிஷ் மொழிக்காரர்களுக்காகத் தயாரானவை. இடது பக்கம் ஆங்கிலத் தொடர், எதிரே அதற்கு ஸ்பானிஷில் பொருள். காரணம் எளிது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உலகில் ஏறக்குறைய 50 கோடிப் பேர். ஸ்பெயினில் தொடங்கி மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா என்று 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. அமெரிக்காவிலேயே வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் அதிகம். இவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தெரிந்தால்தான் நல்ல வேலை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஆங்கிலம் கற்பதில் நம்மைவிட வசதியான இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். இரண்டு மொழிக்கும் எழுத்து ஒன்று. லத்தீனிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் இரண்டிலும் பொது. புதிதாக எந்த மொழிபெயர்ப்பு மென்பொருள் வந்தாலும் அதில் முதலில் இடம்பெறும் மொழிகளில் ஸ்பானிஷ் ஒன்று. இத்தனை வசதி இருந்தும் மரபுத்தொடரில் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள். எங்கே விழுகிறார்கள் என்று பார்த்தால், அந்த நூறு இடியம் பட்டியலைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கு வந்துவிட்டது. அதில் தரும் பொருள் தவறு என்று நான் சொல்லவில்லை. எந்தெந்தத் தொடரைக் கற்றுத் தருவது என்ற தேர்வுதான் தவறு என்கிறேன்.

படித்தால் சிரிப்பு வரும், வேலைக்கு வராது

பட்டியல்களின் உச்சியில் எப்போதும் நிற்பவை வண்ணமயமான தொடர்கள். ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் பூனையும் நாயுமாக மழை பெய்கிறது, அதாவது அடைமழை. ஸ்பானிஷ்காரர் இதை ‘யோவேர் அ காந்தாரோஸ்’ என்பார். குடம் குடமாகப் பெய்கிறது என்று அர்த்தம். ஒரு வேலை மிகச் சுலபம் என்றால் ஆங்கிலேயருக்கு அது ஒரு துண்டு கேக். ஸ்பானிஷ்காரருக்கு ‘பான் கொமிதோ’, அதாவது ஏற்கெனவே தின்று முடித்த ரொட்டி. நமக்கு அல்வா சாப்பிடுவது போல. மூவருமே சாப்பாட்டில்தான் போய் நிற்கிறோம்! விலை கொள்ளை அதிகம் என்றால் ஆங்கிலத்தில் ஒரு கையும் ஒரு காலும் கொடுக்க வேண்டும். ஸ்பானிஷில் முகத்திலிருந்து ஒரு கண்ணைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். நாம் யானை விலை, குதிரை விலை என்று சொல்லிவிட்டு உறுப்பு எதுவும் இழக்காமல் வீடு திரும்புகிறோம்.

கேலி செய்வதை ஆங்கிலத்தில் காலை இழுப்பது என்பார்கள். ஸ்பானிஷில் அது ‘தொமார் எல் பேலோ’, முடியைப் பிடிப்பது. பூனைக்கு ஆங்கிலத்தில் ஒன்பது உயிர், ஸ்பானிஷில் ஏழுதான். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையை ஆங்கிலமும் அப்படியேதான் சொல்கிறது. ஸ்பானிஷ்காரர் இதற்கு ஒரு நாட்டையே இழுக்கிறார். குவாதெமாலாவிலிருந்து தப்பி ‘குவாதெபெயோர்’ போய்ச் சேர்ந்தானாம். ‘மாலா’ என்றால் கெட்டது, ‘பெயோர்’ என்றால் அதைவிடக் கெட்டது. குவாதெபெயோர் என்று ஒரு ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது.

இவை எல்லாம் சுவையானவை, மறுக்கவில்லை. நானே இப்போது ஒரு பத்தியைக் கூடுதலாகவே செலவழித்துவிட்டேன். ஆனால் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மெக்சிகோக்காரருக்கு ஒரு நாளில் இவற்றில் எத்தனை தேவைப்படும்? மழையைப் பற்றிப் பேச ‘ஹெவி ரெயின்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பூனை, நாய் தொடரைச் சாதாரணப் பேச்சில் ஆங்கிலேயர்களே அதிகம் பயன்படுத்துவதில்லை. பாடப்புத்தகமும் பட்டியலும்தான் அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கின்றன.

இந்தத் தொடர் எப்படி வந்தது என்று 1999ல் ஒரு ஃபார்வர்டு மெயில் உலகம் முழுக்கச் சுற்றியது. ‘1500களில் வாழ்க்கை’ என்று தலைப்பு. அந்தக் காலத்தில் வைக்கோல் கூரையில் பூனையும் நாயும் படுத்திருக்குமாம், மழையில் வழுக்கிக் கீழே விழுமாம், அதனால் இந்தத் தொடர் வந்ததாம். சுத்தக் கட்டுக்கதை. ஆனால் இன்றும் பல தளங்களில் அதையே ‘வரலாறு’ என்று போட்டிருக்கிறார்கள். மரபுத்தொடருக்குப் பிறப்புக் கதை சொல்லும் பக்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்றே படியுங்கள்.

சுவையான தொடர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘கிக் த பக்கெட்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வாளியை உதைப்பது என்றால் இறந்துபோவது. பட்டியலில் எதிரே ‘மொரீர்’ என்று ஸ்பானிஷ் சொல் இருக்கும், பொருள் இறத்தல். சரிதான். ஆனால் இது கேலியாகச் சொல்வது. நம் ஊரில் ‘மண்டையைப் போட்டார்’ என்பது எப்படியோ அப்படி. மேலதிகாரியின் தந்தை இறந்த செய்தி கேட்டு அனுதாபக் கடிதம் எழுதும் ஒருவர், பட்டியலை நம்பி இந்தத் தொடரை அதில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? பொருள் துளியும் மாறவில்லை, ஆனால் வேலையே போய்விடலாம். ஸ்பானிஷிலும் இதற்கு இணையான கேலித் தொடர் இருக்கிறது. ‘எஸ்திரார் லா பாத்தா’, காலை நீட்டிவிட்டான் என்பது. அதை அவர் தன் மொழியில் ஒருநாளும் அனுதாபக் கடிதத்தில் எழுத மாட்டார். ஆங்கிலத்தில் எழுதக் கூடாது என்று பட்டியல் அவருக்குச் சொல்லவில்லை.

சாதுவாகத் தெரியும் தொடர்கள்

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘வீ ஹாவ் டு லெட் யூ கோ’ என்று ஒரு வரி. ‘லெட்’ தெரியும், ‘யூ’ தெரியும், ‘கோ’ தெரியும். மூன்றுமே முதல் மாதத்தில் கற்ற சொற்கள். கூட்டிப் பார்த்தால், ‘உங்களைப் போக விட வேண்டியிருக்கிறது’. போகலாம் என்கிறார்களே, சந்தோஷம்தானே? இல்லை. உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம் என்பதை ஆங்கிலம் இப்படி இங்கிதமாகச் சொல்கிறது. ஸ்பானிஷில் இதற்கு ‘தெஸ்பெதீர்’ என்று ஒரே சொல் உண்டு. அந்த ஸ்பானிஷ் சொல்லை எந்த விதத்திலும் நினைவூட்டாத தொடர் இது.

இதே ‘லெட் யூ கோ’வுக்குப் பின்னால் ‘எர்லி’ என்று ஒரு சொல் சேர்ந்தால், இன்று சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று பொருள். நமக்கு இது புதிதில்லை. ‘வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்று நாம் சொன்னாலும் மழை காரணமாக மதியமே அனுப்பினார்களா, ஒரேயடியாகச் சீட்டைக் கிழித்துவிட்டார்களா என்று முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேலிருந்து யாரோ ‘லுக் அவுட்!’ என்று கத்துகிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், வெளியே பார். உண்மையில், ஜாக்கிரதை, ஏதோ விழுகிறது, விலகு! அந்த இரண்டு வினாடியில் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பவரின் கதி என்ன? இந்தத் தொடரில் பூனை இல்லை, நாய் இல்லை, கேக் இல்லை. அதனால்தான் பட்டியல் தயாரிப்பவர் கண்ணில் இது படுவதே இல்லை. அவருக்கு இது ஒரு இடியமாகவே தெரிவதில்லை.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் தினமும் புழங்குவது இந்த வகைத் தொடர்களைத்தான். ஒரு சின்ன வினைச்சொல், பக்கத்தில் ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’, ‘இன்டு’ என்று இன்னொரு சின்னச் சொல். ‘டர்ன் டவுன்’ என்றால் நிராகரிப்பது. ‘லுக் இன்டு’ என்றால் விசாரிப்பது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. விண்ணப்பத்துக்குப் பதிலாக வரும் கடிதங்களில் இவைதான் நிறைந்திருக்கும்.

ஸ்பானிஷ்காரருக்கு இதில் ஒரு விசித்திரமான கஷ்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நமக்குக் கடினமாகத் தெரியும் நீளமான சொற்கள் அவருக்கு மிகச் சுலபம். ‘போஸ்ட்போன்’ என்றால் அவர் மொழியில் ‘போஸ்போனேர்’. ‘இன்வெஸ்டிகேட்’ என்றால் ‘இன்வெஸ்திகார்’. பார்த்தவுடன் புரிந்துவிடும். ஆனால் ‘புட் ஆஃப்’, ‘லுக் இன்டு’ என்று சின்னதாக வந்தால் திகைத்துவிடுவார். சட்ட ஆவணத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் மனிதருக்கு, பக்கத்து மேஜைக்காரர் டீ குடித்துக்கொண்டே பேசுவது புரியாது. நம்மில் கல்லூரிப் படிப்பை ஆங்கிலத்தில் முடித்தவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒத்திவைப்பதற்கு ‘போஸ்ட்போன்’ நமக்குப் பழகிய சொல். அதற்கு எதிராக, முன்கூட்டியே நடத்துவதற்கு ‘ப்ரீபோன்’ என்று இந்தியாவில் ஒரு சொல்லே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ‘புட் ஆஃப்’ நாக்கில் வராது.

உங்கள் மானிட்டரிலேயே இருக்கிறது

கம்ப்யூட்டரைத் திறந்தால் கண்ணில் படும் சொற்களைப் பாருங்கள். லாக் இன், சைன் அப், செட் அப், பேக் அப், ஷட் டவுன். எல்லாமே அதே வகை. இவற்றை நாம் அப்படியே தமிழில் எடுத்துக்கொண்டு, ‘பேக்கப் எடுத்தாச்சா?’ என்று கேட்கிறோம். ஸ்பானிஷ்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. ஸ்பானிஷ் விண்டோஸில் லாக் இன் என்பது ‘இனிசியார் செசியோன்’, அமர்வைத் தொடங்கு. ஷட் டவுன் என்பது ‘அபகார்’, விளக்கை அணைப்பதற்குச் சொல்லும் அதே சொல். பேக் அப் என்பது ‘கோப்பியா தெ செகுரிதாத்’, பாதுகாப்பு நகல். மவுஸ் என்பது ஸ்பெயினில் ‘ரத்தோன்’, எலியேதான்.

‘பூட்’ செய்வது என்கிறோமே, அதுவும் ஒரு மரபுத்தொடரின் மிச்சம். பூட்ஸின் பின்பக்கம் இழுத்து மாட்ட ஒரு வார் இருக்கும். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது என்பது ஆங்கிலத்தில், பிறர் உதவியின்றித் தானே முன்னேறுவதற்கு ஒரு வழக்கு. சின்ன புரோகிராம் ஒன்று முதலில் ஏறி, மற்றதை எல்லாம் தானே ஏற்றிக்கொள்வதால் 1950களில் கம்ப்யூட்டர்காரர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். ஸ்பானிஷில் பூட்ஸும் இல்லை, வாரும் இல்லை. ‘அர்ரன்கார்’ என்கிறார்கள். மோட்டார் வண்டியைக் கிளப்புவதற்கும் இதே சொல்தான்.

மொழியை இப்படிச் சுத்தமாக வைத்திருப்பது பெருமைதான். மெயில் முகவரியில் வரும் ‘அட்’ குறிக்கு அவர்கள் ‘அர்ரோபா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது சுமார் பதினொன்றரைக் கிலோ கொண்ட பழைய எடைக் கணக்கு. அந்த எடையைக் குறிக்க எழுதிய அடையாளமே இன்று மெயிலுக்கு வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஆனால் ஆங்கிலம் கற்கும் ஒருவருக்கு இதனால் ஒரு நஷ்டம் உண்டு. எல்லாத் திரையையும் தாய்மொழியிலேயே பார்ப்பவர், ஆங்கிலத்தின் மிக அவசியமான இருபது முப்பது தொடர்களைத் தினமும் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறார். திடீரென்று ஆங்கில கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வெளியேறும் பட்டனில் ‘எக்ஸிட்’ என்று இருக்கிறது. அவர் மொழியில் ‘எக்ஸிதோ’ என்றால் வெற்றி!

இப்படி முகம் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் சொற்களை ‘போலி நண்பர்கள்’ என்பார்கள். ‘கார்பெத்தா’ என்பது தரைவிரிப்பு அல்ல, கம்ப்யூட்டரில் நாம் உருவாக்கும் ஃபோல்டர். ‘எம்பராசாதா’ என்றால் சங்கடப்பட்டவள் அல்ல, கர்ப்பிணி. இவற்றை வகுப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

1980ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓர் இளைஞரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உடன் வந்தவர்கள் அவர் ‘இன்தோக்ஸிகாதோ’ என்றார்கள். அவர்களது கியூபா வழக்கில், சாப்பிட்ட ஏதோ ஒன்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். கேட்டவர்கள் காதில் அது ஆங்கிலத்தின் ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்று விழுந்தது. அதற்குப் பொருள் போதையில் இருப்பவர். மொழி தெரிந்த பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைக்கவில்லை. அளவுக்கு மீறிப் போதை மருந்து எடுத்தவர் என்றே சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கை, கால் நான்கும் செயலிழந்துவிட்டன. வழக்கில் முடிவான இழப்பீடு, அவரது வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் வரும்.

இது மரபுத்தொடர் அல்ல, தனிச்சொல்தான். ஆனால் ‘லெட் கோ’வுக்கும் இதற்கும் ஒரே குணம். இரண்டுமே தெரிந்த முகமாக வருகின்றன. தெரியாத சொல் என்றால் யாரிடமாவது கேட்போம், அகராதியைப் பார்ப்போம். தெரியும் என்று நினைக்கும் சொல்லுக்கு யார் அகராதியைத் திறக்கிறார்கள்?

மொழிபெயர்க்கும் பட்டன்

இதற்கெல்லாம் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துத் தருமே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. 1997 இறுதியில் ஆல்டாவிஸ்டா தளத்தில் ‘பேபல் ஃபிஷ்’ என்ற இலவச மொழிபெயர்ப்பு வந்தபோது, ஆங்கிலம், ஸ்பானிஷ் ஜோடி அதில் இருந்தது. அது இலக்கண விதிகளையும் அகராதியையும் வைத்து வேலை செய்த முறை. அகராதியில் முழுத் தொடராக ஏற்றப்படாத மரபுத்தொடர் வந்தால் வாளியை உதைக்கத்தான் செய்யும். 2012ல் அது மூடப்பட்டது. கூகுள் ட்ரான்ஸ்லேட் 2006ல் வந்தது. ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட கோடிக்கணக்கான வாக்கியங்களை ஒப்பிட்டு, எது எதற்கு ஈடு என்று கணக்குப் போடும் முறை அது. அப்படிக் கிடைத்த வாக்கியங்களில் ஐ.நா. சபை ஆவணங்கள் நிறைய. ஐ.நா. சபையில் யாரும் வாளியை உதைப்பதில்லை என்பதுதான் சிக்கல்!

2016 இறுதியில், வாக்கியம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் நியூரல் முறைக்கு கூகுள் மாறியது. முதலில் மாறிய மொழிகளில் ஸ்பானிஷ் ஒன்று. தமிழுக்கு 2017ல் வந்தது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேள்வி கேட்டே விளக்கம் பெறலாம் என்றாகிவிட்டது. இன்று பிரபலமான இடியம்களைப் பெரும்பாலும் சரியாகவே மொழிபெயர்க்கின்றன. ‘லெட் யூ கோ’ உள்ள மெயிலை முழுதாக ஒட்டினால் வேலை நீக்கம் என்று சொல்லிவிடும். முழுதாக ஒட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். ‘லெட்’ என்று தனியாக, ‘கோ’ என்று தனியாகத் தேடுபவருக்கு எந்த மென்பொருளும் உதவ முடியாது.

ஆனால் என் மனத்தாங்கல் வேறு. மொழிபெயர்ப்பு சரியாக வந்துவிட்டால், அங்கே ஒரு மரபுத்தொடர் இருந்ததே கற்பவருக்குத் தெரிவதில்லை. ஸ்பானிஷில் வழவழவென்று படித்துவிட்டுப் போய்விடுகிறார். நாளை அதே வரியை யாராவது நேரில் சொன்னால், மறுபடியும் திகைப்பார். கட்டடத்தின் மேலிருந்து கத்துகிறவர் ஒட்டுவதற்கு நேரம் தர மாட்டார்.

அதனால் பட்டனை அழுத்த வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழுத்திய பிறகு இன்னும் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். பொருள் எதிர்பாராததாக வந்தால், எந்தச் சொற்கள் சேர்ந்து அந்தப் பொருளைத் தந்தன என்று ஆங்கில வாக்கியத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்த தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்கள் கிடைக்கும். கேம்பிரிட்ஜ், மெரியம் வெப்ஸ்டர் அகராதிகள் இணையத்தில் இலவசம். பொருளுக்குப் பக்கத்தில் சின்னதாகப் ‘பேச்சு வழக்கு’ என்பது போன்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். வாளி விஷயத்தில் காப்பாற்றுவது அந்தக் குறிப்புதான். ஸ்பானிஷ்காரர்களுக்கு இந்த வசதி இரு பக்கமும் உண்டு. 1713ல் தொடங்கிய ராயல் ஸ்பானிஷ் அகாடமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘கால்’ என்ற சொல்லைத் திறந்தால் காலை நீட்டும் தொடரும் கீழே இருக்கும், பேச்சு வழக்கு என்ற குறிப்போடு. 2009ல் தொடங்கிய ‘லிங்குவீ’ என்ற தளம் இன்னும் ஒரு படி மேல். ஒரு தொடரைக் கொடுத்தால், மனிதர்கள் மொழிபெயர்த்த நிஜ வாக்கியங்களை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். தமிழுக்கு இப்படி ஒன்று இருந்தால் நான் சந்தா கட்டிக்கூடச் சேர்வேன்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் பொருள் மட்டும் கேட்காதீர்கள். ‘இதை என் மேலதிகாரிக்கு எழுதலாமா, அனுதாபக் கடிதத்தில் வரலாமா?’ என்று கேளுங்கள். நன்றாகவே பதில் சொல்லும். தொடர் பிறந்த கதையை மட்டும் கேட்டுவிட்டு நம்பிவிடாதீர்கள். வைக்கோல் கூரை போன்ற கதைகளையும் அதே நம்பிக்கையான குரலில் அது சொல்லக்கூடும்.

இன்னொரு வழி, திரையின் மொழியை மாற்றுவது. ஸ்பானிஷ் விண்டோஸ் வைத்திருப்பவர் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய் ஆங்கிலத்துக்கு மாற்றலாம். ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பில் மட்டும் முடியாது. வீட்டில் மற்றவர்களும் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள், திட்டுவார்கள் என்றால் மொபைலில் செய்யலாம். 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ஒரே ஒரு ஆப்பின் மொழியை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ள முடியும். எல்லா ஆப்பிலும் இது வேலை செய்யாது, ஆனால் ஒன்று போதும். தினமும் திறக்கும் ஆப்பாக இருக்கட்டும்.

கிடைக்கும் தொடர்களை நோட்பேடில் சேமித்து வையுங்கள். எதிரே பொருள் எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த வாக்கியத்தில் வந்தது, யார் யாரிடம் சொன்னது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். ‘பேக் அப்’ என்று ஒன்றை எடுத்தால், கம்ப்யூட்டரில் நகல் எடுப்பது, லாரியைப் பின்னால் எடுப்பது, ஒருவருக்குத் துணை நிற்பது, சாக்கடை அடைத்துக்கொண்டு மேலே வருவது என்று அதற்கு நான்கு முகம். யார் சொன்னது என்று எழுதியிருந்தால்தான் எந்த முகம் என்று பிறகு தெரியும். நூறு இடியம் பட்டியலில் தேடிப் பாருங்கள், இது இருக்காது. அந்த இடத்தில் பூனையும் நாயும் பெய்துகொண்டிருக்கும்.

ஷட் டவுனையும் அதே நோட்பேடில் சேர்த்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குச் சொன்னால் நாளைக் காலை மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். ஒரு தொழிற்சாலையைப் பற்றி அதே சொல் செய்தியில் வந்தால், அங்கே வேலை பார்ப்பவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாகிவிடலாம்.